மதுரைப் பக்கம் தூண்டில் போட எங்கே போகலாம்?

போன வருஷம் சித்திரையில், தெரிந்த பையன் ஒருவன் புதுத் தூண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனான். போனில் வரைபடத்தைத் திறந்து, நீல நிறத்தில் எது பெரிதாகத் தெரிந்ததோ அந்த இடத்துக்கே வண்டியை விட்டிருக்கிறான். போய் நின்றால் அங்கே கிரிக்கெட் நடக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடமெல்லாம் வெடித்துக் கிடக்கிற களிமண், ஓரத்தில் சீமைக்கருவேலம், தண்ணீரைத் திறந்துவிடுகிற மடைக்கு முன்னால் மட்டும் நாலு எருமை படுக்கிற அளவுக்கு ஒரு குட்டை. "இங்க மீன் இருக்கும்னு சொன்னாங்களேண்ணே" என்று எனக்குப் போன் போட்டான்.

அவனுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தை மாதம் போயிருந்தால் அதே கண்மாயில் ஒரு மணி நேரத்தில் பத்து ஜிலேபி மீனாவது ஏறியிருக்கும். வரைபடம் இடத்தைக் காட்டும். எந்த மாதம் அங்கே தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீரை யார் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று காட்டாது. மதுரையைச் சுற்றி மீன் பிடிக்க இடம் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டும்தான்.

தண்ணீரின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மதுரையில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வைகை மழையை நம்பிய ஆறு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு, மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. 1959-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை கட்டி முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்து விட முடிந்தது. அங்கிருந்து ஆற்றில் வந்து, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திரும்பி, கள்ளந்திரி, மேலூர் என்று ஓடிக் கண்மாய்களை நிரப்புகிறது. அணையில் இருப்பு போதுமானதாக இருந்தால் ஜூன் மாதம் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்குத் திறப்பார்கள். மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலங்களுக்கு அதற்குப் பிறகு, பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சேர்ந்துகொள்ளும். கால்வாய்த் தண்ணீர் எட்டாத மானாவாரிக் கண்மாய்களுக்கு அந்த மழை ஒன்றுதான் கதி.

அப்போ கார்த்திகையில் கண்மாய் நிரம்பியதும் போய்விடலாமா? போகலாம், ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அது கஷ்டமான காலம். தண்ணீர் கரை தட்டி நிற்கும்போது மீன் உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் பரவுகிற இடம், முழுக்கப் பரவிவிடும். கலங்கல் வேறு தெளிந்திருக்காது. தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கினால், ஒவ்வொரு வாரமும் மீன் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்கு ஒதுங்கும். பள்ளம் என்பது பெரும்பாலும் மடைப் பக்கம். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் தூண்டில் பழகுவதற்கென்றே அமைந்தவை என்பது என் அனுபவம். சித்திரை வந்தால் கிரிக்கெட்தான்.

கண்மாய் வற்றினால் மீன் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மதுரைக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. ஒன்று நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. தண்ணீரோடு மீனும் போகும். புதுவெள்ளம் வரும்போது எதிர்த்து ஏறியும் வரும். அப்புறம், விராலும் பனையேறியும் வெளிக்காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடத்திவிடும். நாம் கால்பந்து விளையாடுகிற தரைக்குக் கீழே அடுத்த வருஷத்து விரால் படுத்திருக்கலாம்.

இனி யாருடைய தண்ணீர் என்ற விஷயம். இதைத் தெரியாமல் போய்த்தான் பலர் திட்டு வாங்கித் திரும்புகிறார்கள். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். மீன்பாசி ஏலம், மீன்பாசி குத்தகை என்பது ஊரில் வழங்குகிற பெயர். பசலி ஆண்டுக் கணக்கு, அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. சின்னக் கண்மாய் என்றால் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் பக்கம் விசாரிக்க வேண்டும். பெரிய கண்மாய் நீர்வளத்துறையின் கீழ் வரும், மீன்வளத்துறை வழியாகக் குத்தகை போகும். எடுத்தவர் மீன்குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கு ஆள் போட்டு, பங்குனியில் வலை இறக்கி எடுப்பதற்காகக் காத்திருப்பார்.

அவர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்பதற்கு மீனிலேயே காரணம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில் முட்டையிடப் பழகியவை. தேங்கி நிற்கிற கண்மாய்த் தண்ணீரில் இனம் பெருக்காது. ஆகவே கண்மாயில் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு கட்லாவும் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சு. ஜிலேபி, கெளுத்தி, குரவை, சின்னக் கெண்டை எல்லாம் தானாகப் பெருகுகிறவை. நான் பார்த்த அளவில், முறையாகக் கேட்டால் ஜிலேபி பிடிப்பதைப் பல குத்தகைக்காரர்கள் தடுப்பதில்லை. கட்லாவைத் தொட்டால் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. தவறி ஏறினால் விட்டுவிடுங்கள், அல்லது அவரிடமே கொண்டுபோய்க் காட்டி, விலையைக் கேட்டுக் காசைக் கொடுத்துவிடுங்கள்.

கேட்பது எப்படி? முதல் நாள் தூண்டிலே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கண்மாய்க்கரைப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "அண்ணே, கண்மாயை இந்த வருஷம் யாரு எடுத்திருக்கா?" என்று கேளுங்கள். பெயரும் வீடும் இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். காவல்காரரைப் பார்த்தால், "ரெண்டு ஜிலேபி புடிச்சுக்கிறவாண்ணே, வலையெல்லாம் இல்ல, தூண்டில்தான்" என்று சொன்னால் போதும். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் இப்படிக் கேட்டபோது அந்தப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மடைக்கு அந்தாண்ட போடு தம்பி, இந்தாண்ட நேத்துத்தான் குஞ்சு விட்டிருக்கோம்" என்றார். எந்த இடத்தில் மீன் இருக்கும் என்று நான் தேடி அலைய வேண்டியே இருக்கவில்லை. குத்தகைக்காரரை எதிரியாக நினைத்து ஒளிந்து போடுகிறவர்களுக்கு இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது.

சில ஊர்க் கண்மாய்களைக் குத்தகைக்கே விடமாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு போட்டு, மீன்பிடித் திருவிழா நாள் வரை யாரும் வலையோ தூண்டிலோ இறக்கக் கூடாது என்று வைத்திருப்பார்கள். அங்கே "சும்மா ஒண்ணு ரெண்டு" என்று கேட்பதுகூடத் தப்பு. ஊர் ஜனமே நாக்கைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற மீன் அது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. கண்மாயைப் பார்க்கத் தெரிய வேண்டும். கரை, மடை, கலுங்கு, உள்வாய் என்ற நாலு சொல்லும் நாலு வகைத் தண்ணீரைக் குறிக்கும். கரை ஓரம் ஆழம் கூடுதல், மடைக்கு முன்னால் அதைவிட ஆழம். வெயில் ஏறினால் பெரிய மீன் அங்கே இறங்கும். கலுங்கு தண்ணீர் வழிகிற இடம், காற்றோட்டம் உள்ள தண்ணீர், மறுகால் பாய்கிற நாட்களில் கெண்டை அங்கே துள்ளும். எதிர்ப்பக்கம் உள்வாயில் கோரையும் ஆம்பலும் மண்டிக் கிடக்கிற ஆழமில்லாத இடம் விராலுக்கு. காலையில் ஆறு மணிக்குக் கரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். நீர்க்காகம் எங்கே முங்குகிறது, மீன்கொத்தி எந்தக் குச்சியில் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

சாமானுக்கு அதிகம் செலவு வேண்டாம். பத்தடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு நைலான் நரம்பு, சின்ன முள், ஒரு ஈயக்குண்டு, தக்கை. முள் வாங்கும்போது எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். புதியவர்கள் பெரிய முள்ளை வாங்கிவிட்டு, மீன் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகிறதே என்று வருந்துவார்கள். ஜிலேபியின் வாய் சின்னது. தக்கைக்குக் கடையில் விற்பதைவிட, தேய்ந்த ஹவாய்ச் செருப்பில் விரல் நுனி அளவு வெட்டி எடுத்த துண்டு எனக்குப் பிடிக்கும். வெள்ளைப் பக்கம் மேலே வந்தால் தூரத்திலும் தெரியும். இரைக்கு மண்புழு. கிடைக்காவிட்டால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, மிளகு அளவு உருட்டி முள்ளின் நுனி மறையும்படி வைத்தால் போதும். சப்பாத்தி மாவுப் பதத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்துவிடும்.

தூண்டில் போட்டதும் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். தக்கை படுத்தே கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தக்கையைக் கீழே இறக்குங்கள். இரை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கினால் நல்லது. அப்புறம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜிலேபி வந்தால் தக்கை முதலில் லேசாகத் துடிக்கும். டக், டக் என்று இரண்டு தட்டு. அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். மூன்றாவதாகத் தக்கை ஒரு பக்கம் சாய்ந்து நகரத் தொடங்கும் பாருங்கள், அந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். கையை ஓங்கி இழுத்தால் மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் கருவேலத்தில் போய் மாட்டும். கெளுத்தி இப்படித் தட்டாது, ஒரே முங்கு, இரையோடு முள்ளையும் விழுங்கியிருக்கும். உளுவை தரையோடு இழுத்துப் போய்க் கல்லிடுக்கில் ஒண்டிக்கொள்ளும். இந்த வித்தியாசமெல்லாம் நாலைந்து நாளில் கைக்கு வந்துவிடும்.

ஜிலேபியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நம் கண்மாய்களில் இல்லாத இடம் இல்லை. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். சில சமயம் பிடித்த மீனைக் கையில் எடுத்ததும் வாயிலிருந்து மஞ்சள் மணிகளாக முட்டை கொட்டும். இப்படிப் பெருகியதால்தான் சேல், கெண்டை மாதிரி நம் ஊர் மீன்களுக்கு இடம் குறைந்தது. புதியவர் ஜிலேபியில் கை பழகுவது எல்லோருக்கும் நல்லது. எளிதில் கிடைக்கும், எடுத்தாலும் கண்மாய்க்கு நஷ்டம் இல்லை. முதுகு முள் குத்தாமல் இருக்க, தலையிலிருந்து வால் பக்கமாகக் கையை நீவிக்கொண்டே போய்ப் பிடியுங்கள்.

கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. குத்தினால் கடுக்கும். ஈரத்துணியால் பொத்திப் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். தேளி அதைவிட மோசம், பேரே சொல்லிவிடும். தேளி ஏறினால் நரம்பை வெட்டி விட்டுவிடுவது உத்தமம்.

விராலைப் பிடிக்க எல்லோருக்கும் ஆசை. தவளைக்குஞ்சை மாட்டி ஆம்பல் இலைக்கு நடுவே தத்தித் தத்திப் போகவிட்டால் பாய்ந்து கவ்வும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் ஒன்று பந்து மாதிரி திரண்டு மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால், அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் குஞ்சைக் காப்பதற்காகப் பாயும், சுலபமாக மாட்டும். மாட்டிய அரை மணி நேரத்தில் நீர்க்காகமும் மற்ற மீன்களும் அந்தக் கூட்டத்தையே தின்று தீர்த்துவிடும். சிவப்புக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடுவது என் வழக்கம். உங்களையும் அப்படியே செய்யச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது இடங்கள். மேலூர், கொட்டாம்பட்டி, அங்கிருந்து சிங்கம்புணரி போகிற வழி எல்லாம் கண்மாய்க் காடு. டீக்கடை விசாரணைக்கு ஏற்ற பகுதி, என் முதல் சிபாரிசு. சோழவந்தான், தேனூர், குருவித்துறைப் பக்கம் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் மற்ற இடங்களைவிட அதிக நாள் நிற்கும், தென்னை நிழலும் உண்டு. கெண்டையும் உளுவையும் ஆராலும் பார்க்கலாம். பாலமேட்டுக்குப் பக்கத்தில் சாத்தையாறு அணை, 29 அடி உயரம்தான், மழை நன்றாக இருந்த வருஷத்தில் மட்டும் போக வேண்டிய இடம். வைகை அணை 71 அடித் தேக்கம் உள்ள பெரிய நீர். அங்கே பரிசலில் வலை போடுகிறவர்களின் பிழைப்பு நடக்கிறது, உரிமையும் குத்தகைக்குள் வரும். புதியவர் அங்கே தூண்டிலோடு போவதைவிட, வலையில் வந்த மீனைப் பார்த்து எது ரோகு, எது மிர்கால் என்று அடையாளம் பழகப் போவது பிரயோஜனம்.

நகருக்குள் இருப்பவற்றை நான் சொல்லமாட்டேன். தல்லாகுளம், பீ.பீ.குளம் எல்லாம் பெயரில் மட்டும்தான் குளம். மிஞ்சியிருக்கிற கண்மாய்களில் பலவற்றில் சாக்கடை கலக்கிறது. ஜிலேபி அந்தத் தண்ணீரிலும் கொழுத்து வளரும், பார்க்க நன்றாகவே இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தெப்பக்குளத்திலும் மற்றக் கோயில் குளங்களிலும் தூண்டில் போடக் கூடாது. பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று ஒரு நாரை சொக்கநாதரிடம் வரம் வாங்கியதாகக் கதை. அந்த நாரைக்குப் பசித்ததாம், ஆனால் அடியவர்கள் நீராடுகிற குளத்து மீனைத் தின்ன மனம் வரவில்லையாம். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே பறவை பார்க்கப் போங்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமும் அப்படியே. அழகர்மலை, மேகமலை போன்ற காப்புக்காட்டு ஓடைகளில் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும்.

வெடி போட்டோ மருந்து கலக்கியோ மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். யாராவது அப்படிச் செய்வதைப் பார்த்தால் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒரு வெடியில் குஞ்சும் தாயும் சேர்ந்து போகும்.

உயிருக்கு வரக்கூடிய ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியாறு கால்வாய் ஓடும்போது அதில் இறங்கவே கூடாது. சிமெண்டு பூசிய சரிவில் கால் வைத்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. வைகையில் மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, முழங்கால் ஆழத்துக்கு அடுத்த எட்டில் ஆள் ஆழம் இருக்கும். மடைக்குழிப் பக்கமும் அப்படித்தான். தண்ணீரில் நீந்தும் பாம்பு பெரும்பாலும் நீர்க்கோலி, விஷமில்லாதது. பயப்பட வேண்டியது கரைப் புல்லில் சுருண்டு கிடக்கிற கண்ணாடி விரியனுக்கு. கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள், பொழுது சாய்வதற்குள் கிளம்புங்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது என்று நேரத்தைக் கடத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இதெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஒரு சுலபமான வழி உண்டு. பங்குனியிலிருந்து வைகாசி வரை மேலூர் வட்டாரத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர்கள் கண்மாய் அழிப்பு என்பார்கள். விடிவதற்கு முன்பே பக்கத்து ஊர் ஜனமெல்லாம் ஊத்தா, கச்சா என்கிற கைவலை, பெரிய வலை, கூடை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கரையில் வரிசையாக நிற்கும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் இறங்கும். சாதி, ஊர் பார்க்காமல் யாரும் இறங்கலாம். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை; சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவ வேண்டும். உள்ளே விரால் முட்டினால் மூங்கில் பட்டையில் அந்த அதிர்வு தெரியும். முதல் தடவை போகிறவர் ஒரு கச்சாவோடு பெரியவர் யாருடைய பின்னாலாவது போங்கள். பிடித்த மீனை அங்கே விற்கமாட்டார்கள், அன்றைக்கு அந்த வட்டாரம் முழுக்க மீன் குழம்பு வாசம்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கண்மாய் மீனில் மண்வாடை இருக்கும். ஜிலேபியைச் செதிள் எடுத்து, வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புத் தோலை விடாமல் சுரண்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போய்விடும். விராலைச் சாம்பல் தடவித்தான் பிடித்து அறுக்க முடியும், அவ்வளவு வழுக்கும். அயிரை தூண்டிலில் வராது. அதை உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும். குழம்பு கொதிக்கும்போது ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள். அன்றைக்கே அந்தக் கண்மாய்க் காவல்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, அதே கையோடு நாலு மீனைப் பொரித்தும் வைக்கலாம்.